பழைய பிரெஞ்சு நாற்காலியை அடையாளம் காண: காலில் இருந்து தொடங்குங்கள்

பாரிஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பழைய பொருள் சந்தைக்குள் நுழைந்தால் பத்தடிக்கு ஒரு நாற்காலி நிற்கும். வளைந்த கால், நேரான கால், நீள்வட்ட முதுகு, தங்க ரேக்கு உதிர்ந்த கைப்பிடி என்று வரிசையாக நிற்க, விலைச்சீட்டில் லூயி 15, லூயி 16, அம்பீர் என்று ஒரு பெயர் மட்டும் எழுதியிருக்கும். இங்கே வந்த புதிதில் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. பக்கத்து வீட்டில் இருந்த ஒரு வயதான மெத்தை வேலைக்காரர்தான் எனக்கு வரிசையைச் சொல்லிக் கொடுத்தார்: முதலில் காலைப் பார்க்கணும், அப்புறம் கை, அதற்கப்புறம் முதுகு, கடைசியில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம். இன்றைக்கும் நான் அதே வரிசையில்தான் பார்க்கிறேன். துணியின் நிறமோ பூ வேலையோ கண்ணை இழுக்கும், அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். துணியை எத்தனையோ தடவை மாற்றியிருப்பார்கள், காலை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

பாணி வேறு, வயது வேறு

தொடங்குவதற்கு முன்னால் இது ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "லூயி 15" என்றால் ஒரு பாணியின் பெயர். அந்த நாற்காலி அந்த அரசர் காலத்தில் செய்ததா என்பது முற்றிலும் வேறு கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணிகள் அத்தனையையும் திரும்பச் செய்தார்கள், 20-ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். பிரெஞ்சு வியாபாரத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. "எப்போக்" என்றால் அந்தக் காலத்திலேயே செய்தது. "ஸ்தில்" என்றால் அந்தப் பாணியில் செய்தது, எப்போது செய்தது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1981 மார்ச்சில் வந்த ஓர் அரசாணை இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: பொருளின் பெயரை ஒட்டி ஒரு காலத்தை மட்டும் எழுதி விற்றால், அது அந்தக் காலத்தில் உருவானது என்று விற்பவர் உறுதி தருகிறார் என்று அர்த்தம். அதனால் ரசீதில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வாயால் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, அரசரின் ஆட்சிக்காலமும் பாணியின் காலமும் அச்சாகப் பொருந்தாது. பதினைந்தாம் லூயி 1715 முதல் 1774 வரை அரசர், ஆனால் அவர் பெயர் சொல்லும் வளைவான பாணி செழித்தது சுமார் 1730-க்கும் 1760-க்கும் இடையில்தான். பதினாறாம் லூயி பாணியோ அவர் முடிசூடுவதற்குப் பல வருடம் முன்பே பாரிஸ் தச்சர்களின் பட்டறையில் தலைகாட்டிவிட்டது.

முதல் படி: கால்

குனிந்து பாருங்கள். கால்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டுப் பாணி. பதின்மூன்றாம் லூயி பாணியில் கால்கள் கடைசல் வேலை, உருண்டை உருண்டையாகவோ முறுக்கிய கயிறு போலவோ இருக்கும், கனமான வால்நட் அல்லது ஓக் மரம், தோல் உறை, ஓரத்தில் பித்தளை ஆணி வரிசை. பதினான்காம் லூயிக்கு வந்தால் முதுகு உயர்ந்துவிடும், மேல்விளிம்பு நேராக இருக்கும், கால் சதுரத் தூண் போலவோ "ஆட்டெலும்பு" என்று இங்கே சொல்கிற வளைந்த வடிவிலோ இருக்கும், குறுக்குச் சட்டம் பெருக்கல் குறி போல வளைந்து நடுவில் சேரும். உட்கார்ந்தால் ராஜசபையில் இருப்பது மாதிரி முதுகை நிமிர்த்தியே ஆகணும்.

ராஜசபை என்று சும்மா சொல்லவில்லை. வெர்சாய் அரண்மனையில் யார் எதில் உட்காரலாம் என்பதற்குக் கடுமையான முறை இருந்தது. கை வைத்த நாற்காலி அரசருக்கும் அரசிக்கும், அவர்கள் முன்னால் ஒரு டச்சஸ் சீமாட்டிக்குக் கிடைத்தது முதுகும் கையும் இல்லாத "தபூரே" என்ற முக்காலி போன்ற ஆசனம், அதுவே பெரிய கௌரவம், மற்றவர்கள் நின்றார்கள். அந்தக் கால நாற்காலி ஏன் இவ்வளவு விறைப்பாக, சிம்மாசனத்தின் தம்பி போல இருக்கிறது என்பது இது தெரிந்தால் புரியும்.

1715-இல் பதினான்காம் லூயி இறந்தபோது அடுத்த அரசர் ஐந்து வயதுக் குழந்தை. 1723 வரை ஓர்லியான் கோமகன் ஆட்சியைக் கவனித்தார். அந்த இடைக்காலத்தின் பெயரில் வருவதுதான் ரேஜான்ஸ் பாணி. கால் வளையத் தொடங்கும், பாதம் மான் குளம்பு போல இருக்கும், நடுவில் சிப்பிச் செதுக்கல் வரும், ஆனால் சில நாற்காலிகளில் குறுக்குச் சட்டம் இன்னும் விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பழசும் புதுசும் ஒரே நாற்காலியில் இருந்தால் இந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள்.

பதினைந்தாம் லூயி பாணியில் குறுக்குச் சட்டம் போயே போய்விட்டது. கால் மேலே வெளிப்பக்கம் புடைத்து, கீழே உள்வாங்கி, நுனியில் மறுபடி வெளியே சுருளும். இங்கே விரலை வைத்துப் பாருங்கள்: காலில் இருந்து இருக்கைச் சட்டத்துக்குப் போகும்போது எங்கேயும் தடை இருக்காது, ஒரே கோடாக ஓடும். நேர்கோடு தேடினாலும் கிடைக்காது. சின்னப் பூக்கள், இலைகள், சிப்பி, சில சமயம் இடமும் வலமும் வேண்டுமென்றே வேறு வேறாகச் செதுக்கியிருப்பார்கள்.

பதினாறாம் லூயிக்கு வந்தால் இதற்கு நேர்மாறு. கால் நேரானது, உருண்டையானது, கீழே போகப் போக மெலியும், நீளவாக்கில் பள்ளக் கோடுகள் கோயில் தூணில் இருப்பது மாதிரி. காலும் இருக்கையும் சேரும் மூலையில் ஒரு சின்னச் சதுரக் கட்டை, அதில் ஒரு பூ. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கட்டையைத்தான். வளைந்த கோடு ஓடினால் 15, சதுரக் கட்டை குறுக்கிட்டால் 16. இது மட்டும் தெரிந்தாலே சந்தையில் பாதி நாற்காலிகளுக்குப் பெயர் வைத்துவிடலாம். எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தில் 1738-லும் பொம்பெயியில் 1748-லும் அகழாய்வு தொடங்கிய பிறகு பழைய ரோமின் மேல் ஐரோப்பாவுக்கே ஒரு மோகம் வந்தது. தூண், மாலை, ரிப்பன் முடிச்சு, வரிசை முத்து எல்லாம் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

வளைந்த முதுகும் நேரான காலும் ஒன்றாக இருந்தால்? குழம்ப வேண்டாம். இரண்டு பாணிக்கும் நடுவில் ஒரு பதினைந்து இருபது வருடம் அப்படிக் கலந்து செய்தார்கள், அதற்கு இடைமாற்றம் என்ற பொருளில் "திரான்சிசியோன்" என்றே பெயர்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பின்னங்கால் மாறியது. திரெக்துவார், அம்பீர் இரண்டிலும் பின்னங்கால் வாள் போலப் பின்னோக்கி வளையும். 1795 முதல் 1799 வரை ஆண்ட புரட்சி அரசின் பெயரில் வரும் திரெக்துவார் காலத்துப் பாணி மெலிந்தது, முதுகின் மேல்பகுதி பின்னால் சுருண்டிருக்கும், சாய்சதுரம், பனையோலை விசிறி போன்ற சின்ன அலங்காரம். பழைய கிரேக்க ஜாடிகளில் வரைந்திருக்கும் நாற்காலிகளைப் பார்த்துச் செய்தது. அம்பீர் என்பது நெப்போலியன் பேரரசராக இருந்த 1804 முதல் 1815 வரையிலான காலம்: மஹோகனி, கனம், நேர்கோடு, பொன்முலாம் பூசிய வெண்கலம். 1798-இல் அவர் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதன் பின்விளைவாக ஸ்பிங்ஸ் தலைகள் நாற்காலிக் கைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டன, கூடவே சிங்கம், அன்னம்.

இரண்டாம் படி: கை

கையைத் தாங்கும் தூண் எங்கே நிற்கிறது என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பதினான்காம் லூயி நாற்காலியில் அது முன்னங்காலுக்கு நேர் மேலே நிற்கும். சுமார் 1720-க்குப் பிறகு அது பின்னால் நகர்ந்துவிடும். காரணம் பெண்களின் உடை. பக்கவாட்டில் கூடை கட்டி விரித்த பாவாடை அப்போதுதான் நாகரிகமாக வந்தது, கை முன்னால் இருந்தால் அதை வைத்துக்கொண்டு உட்காரவே முடியாது. தச்சர் கையைப் பின்னால் தள்ளினார், பாவாடை விரிய இடம் கிடைத்தது. எனக்கு இந்தத் துறையின் மேல் ஆசை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான், ஒரு மரத்துண்டு நான்கு அங்குலம் தள்ளி நிற்பதற்குப் பின்னால் ஒரு பெண் சங்கடமில்லாமல் உட்கார்ந்த கதை இருக்கிறது.

பதினாறாம் லூயி காலத்தின் பிற்பகுதியில் கை மெல்ல முன்னால் வரத் தொடங்கும். அம்பீரில் மறுபடி முன்னங்காலோடு ஒரே கோடாகச் சேர்ந்துவிடும். அந்த ஒற்றைத் தூணில்தான் ஸ்பிங்ஸும் அன்னமும் வரும்.

கைக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். திறந்திருந்தால் அது "ஃபோத்தெய்". மெத்தையால் அடைத்திருந்து, இருக்கையில் தனியாக எடுக்கக்கூடிய ஒரு தடித்த குஷன் இருந்தால் "பெர்ஜேர்". கையே இல்லாவிட்டால் வெறும் "ஷேஸ்". விற்பவர் பெர்ஜேர் என்று சொல்லும்போது நீங்கள் ஃபோத்தெய் என்று நினைத்துக்கொண்டிருந்தால் விலைப் பேச்சே தப்பாகிவிடும்.

மூன்றாம் படி: முதுகு

முதுகைப் பின்னால் போய் நின்று பாருங்கள். தட்டையாக இருந்தால் "ஆ லா ரேன்", அதாவது அரசி பாணி. அது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய நாற்காலி, சுவர்ப் பலகையின் அலங்காரத்துக்குப் பொருந்தும்படி செய்தது. முதுகு குழிந்து உடம்பை அணைப்பது போல இருந்தால் "கப்ரியோலே". அதை அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டுப் பேசுவார்கள், சீட்டாடுவார்கள், அதனால் சின்னது, இலேசானது. பதினைந்தாம் லூயி காலத்தில்தான் பாரிஸ் வீடுகளில் சின்னச் சின்ன வரவேற்பறைகள் பெருகின, மனிதர்கள் விறைப்பை விட்டு அரட்டைக்கு வந்தார்கள், நாற்காலியும் கூடவே தளர்ந்தது. சீட்டாட்டத்தைப் பின்னால் இருந்து வேடிக்கை பார்ப்பதற்கென்றே முதுகின் மேல்விளிம்பில் மெத்தை வைத்த நாற்காலி கூட உண்டு, அதற்கு "வுவாயேஸ்" என்று பெயர்.

நீள்வட்ட முதுகு பதினாறாம் லூயியின் முத்திரை மாதிரி, மெதாலியோன் என்பார்கள். ஆனால் சதுர முதுகும், மேலே தொப்பி போல வளைந்த முதுகும் அதே பாணியில் நிறைய உண்டு, நீள்வட்டம் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். யாழ் வடிவில் குடைந்த முதுகு இருந்தால் ஜோர்ஜ் ஜாக்கோப் என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1765-இல் தச்சர் சங்கத்தில் மாஸ்டர் பட்டம் பெற்ற அந்தத் தச்சர் பதினாறாம் லூயியின் அரசி மேரி அந்துவானெத்துக்கும் செய்தார், புரட்சியில் தப்பிப் பிழைத்து, 1796-இல் தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அவர் மகன்தான் பிறகு நெப்போலியனுக்குச் செய்தவர். ஒரே குடும்பத்தின் பட்டறை வழியாக மூன்று பாணிகளைப் பின்தொடரலாம்.

19-ஆம் நூற்றாண்டு, சந்தையில் அதிகம் கிடைப்பது

நெப்போலியனுக்குப் பிறகு வந்த 1815 முதல் 1830 வரையிலான காலத்தில் வெளிர் நிற மரங்களும் அதில் கருத்த நிறத்தில் பதித்த மெல்லிய கோலங்களும் பிடித்தமாயின, முதுகு படகு போல வளைந்து பக்கங்களைச் சுற்றி வரும். அரசர் லூயி பிலிப்பின் காலமான 1830 முதல் 1848 வரை மறுபடி மஹோகனி, அலங்காரம் குறைவு, உருண்ட விளிம்பு, நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற உறுதி. உயரமான வளைந்த முதுகும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட "வோல்தேர்" நாற்காலி இந்தச் சமயத்தில் பரவியது. 1778-இல் இறந்துபோன எழுத்தாளர் வோல்தேர் அதைப் பார்த்திருக்கவே முடியாது, பெயரை மட்டும் யாரோ ஒட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நெப்போலியன் பேரரசராக இருந்த 1852 முதல் 1870 வரை செய்தவை சந்தையில் ஏராளம். பொத்தான் வைத்துக் குழிகுழியாகத் தைத்த மெத்தை, கீழே தரை வரை தொங்கும் குஞ்சம், கருப்பு வண்ணம் பூசிய மரம், முத்துச்சிப்பிப் பதிப்பு, மூங்கில் போலத் தோன்றும்படி கடைந்த தங்க நிறக் கால். தவளை மாதிரி குந்தி இருக்கும் குட்டையான நாற்காலிக்குத் தேரை என்ற பொருளில் "கிராப்போ" என்றே பெயர். அவர் மனைவி பேரரசி யூஜெனிக்கு மேரி அந்துவானெத் மேல் பெரிய ஈடுபாடு இருந்ததால் பதினாறாம் லூயி பாணி அப்போது மறுபடி பெரிய அளவில் வந்தது. நீங்கள் சந்தையில் பார்க்கும் "லூயி 16" பலவும் இந்தக் காலத்தவையோ இதற்கும் பிந்தியவையோதான். அவை மோசமானவை என்று நான் சொல்ல மாட்டேன், வேலைப்பாடு அருமையாக இருக்கும், அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கினால் நல்ல நாற்காலிகள்.

கடைசிப் படி: கவிழ்த்துப் பாருங்கள்

பாணியைக் கண்டுபிடித்தாயிற்று. வயதுக்கு இப்போது அடிப்பக்கம் போகணும். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, இருக்கைச் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கையைப் பிடித்தோ முதுகின் மேல்விளிம்பைப் பிடித்தோ தூக்காதீர்கள், பழைய இணைப்பு விட்டுப்போகும். போன் டார்ச் போதும், வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள்.

சட்டத்தின் உள்பக்கத்தைத் தடவுங்கள். கையால் இழைத்த மரம் முழு வழவழப்பாக இருக்காது, இழைப்புளி போன மெல்லிய பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். வட்ட ரம்பம் போன வில் வடிவக் கோடுகள் தெரிந்தால் அந்த மரம் 19-ஆம் நூற்றாண்டில் அல்லது அதற்குப் பிறகு அறுத்தது. இணைப்புகளில் ஒரு கட்டையின் நாக்கை இன்னொன்றின் குழியில் நுழைத்து மர ஆணி அடித்திருப்பார்கள். கையால் சீவிய அந்த ஆணி சரியான வட்டமாக இருக்காது, இரண்டு நூற்றாண்டில் சுற்றியுள்ள மரம் சுருங்கியதால் தலை கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும்.

ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு மெத்தையில் ஸ்பிரிங் கிடையாது, பின்னிய நாடாப் பட்டையும் அதன் மேல் கோணியும் குதிரை முடியும்தான். ஸ்பிரிங் பரவலானது 1830-களை ஒட்டி. ஸ்பிரிங் இருப்பதாலேயே நாற்காலி புதியது என்று முடிவு கட்ட வேண்டாம், பழைய நாற்காலிக்குப் பிற்காலத்தில் போட்டிருக்கலாம். அப்படியானால் சட்டத்தில் பல தலைமுறை ஆணித் துளைகள் நெருக்கமாக இருக்கணும். 250 வருட நாற்காலி என்று சொல்லி, சட்டத்தில் ஒரே ஒரு வரிசைத் துளை இருந்தால் நான் அதைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

புழு ஓட்டையை வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீச் மரத்தில் புழு சீக்கிரம் ஏறும், 18-ஆம் நூற்றாண்டில் வண்ணமோ தங்க ரேக்கோ பூசப்போகிற நாற்காலிகளை அநேகமாக பீச்சில்தான் செய்தார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறு. புழு உள்ளே குடைந்து போகும், வெளியில் வட்டத் துளை மட்டும்தான் தெரியணும். மேற்பரப்பில் நீளமான ஓடை போலப் புழுவின் பாதை திறந்து கிடந்தால், புழு தின்ற பழைய மரத்தை எடுத்து யாரோ பிறகு செதுக்கியிருக்கிறார்கள். நான் முதன்முதலில் "எப்போக்" என்று நம்பி வாங்கிய ஜோடி நாற்காலியின் பின்னங்காலில் அந்த ஓடைகள் இருந்தன, விற்றவர் அதையே வயதுக்குச் சான்றாகக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்து வருத்தப்பட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை.

முத்திரையும் தேடுங்கள். பாரிஸ் தச்சர் சங்கத்தின் விதி 1743-இல் எழுதி 1751-இல் நடைமுறைக்கு வந்தபோது, மாஸ்டர்கள் தங்கள் பெயரை மரத்தில் அடித்தாக வேண்டும் என்றானது. பெரும்பாலும் பின்சட்டத்தின் அல்லது முன்சட்டத்தின் அடியில் இருக்கும். சங்கத்தின் ஆய்வு முத்திரையான ஜே-எம்-இ என்ற மூன்றெழுத்தும் சில பொருள்களில் கூடவே வரும், நாற்காலிகளில் அது குறைவு. 1791-இல் புரட்சி அரசு சங்கங்களையே கலைத்துவிட்டது. ஜாக்கோப் தன் பெயரை ஜே போட வேண்டிய இடத்தில் ஐ போட்டு அடித்தார். லியோன் நகரத்து நொகரே தன் ஊர் பெயரையும் சேர்த்து அடித்தார், மெழுகு தேய்த்த அவருடைய வால்நட் நாற்காலிகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் மறக்காது. முத்திரை இல்லையென்றால் போலி என்று அர்த்தமில்லை, அரசருக்காக வேலை செய்தவர்களுக்கும் புறநகர் சேந்த் அந்துவானில் இருந்த சங்கத்துக்கு வெளியே உள்ள தச்சர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. முத்திரை இருந்தாலே அசல் என்றும் இல்லை, முத்திரையைச் செய்வது நாற்காலியைச் செய்வதை விடச் சுலபம். 2016-இல் வெளிவந்த வழக்கு நினைவிருக்கலாம், வெர்சாய் அரண்மனையே அசல் என்று வாங்கிய நாற்காலிகள் போலி என்று தெரிந்து, 2025-இல் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது, அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவெடுக்காமல் கால், கை, முதுகு, அடிப்பக்கம் நான்கும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

புதுச்சேரியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரின் பழைய வீடுகளில் தேக்கிலும் ஈட்டியிலும் உள்ளூர் ஆசாரிகள் செய்த நாற்காலிகளில் இந்தப் பாணிகளின் சாயலைப் பார்த்திருப்பீர்கள், மெத்தைக்குப் பதில் பிரம்புப் பின்னல். பிரம்பைப் பார்த்ததும் அது நம் ஊர் வேலை என்று எண்ணிவிட வேண்டாம், ஆசியாவில் இருந்து கப்பலில் வந்த பிரம்பை வைத்து பாரிஸிலும் 18-ஆம் நூற்றாண்டில் நிறையப் பின்னினார்கள். மரத்தைப் பாருங்கள்: தேக்கு என்றால் பாரிஸ் பட்டறை இல்லை.

கண் பழக, வாங்காமல் பார்க்க, பாரிஸில் இடங்கள் நிறைய. லூவ்ரில் 18-ஆம் நூற்றாண்டு மரச்சாமான் அறைகள், ரிவோலி தெருவில் அலங்காரக் கலை அருங்காட்சியகம், பதினாறாம் லூயிக்கு நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம், அம்பீருக்கு மல்மேசோன் மாளிகை. பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கும் காலமும் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள். துருவோ ஏல விடுதியில் விற்பனைக்கு முந்தின நாள் காட்சிக்கு யார் வேண்டுமானாலும் நுழையலாம், காசு கிடையாது, அருங்காட்சியகத்தில் தொட முடியாததை அங்கே ஊழியரிடம் கேட்டுவிட்டுக் கவிழ்த்தும் பார்க்கலாம். ஒரு நோட்டில் கால்களை மட்டும் வரைந்துகொண்டு வாருங்கள், முதுகைக் கையால் மறைத்துக்கொண்டு காலை வைத்தே பெயரைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் கையை எடுத்துச் சரியா என்று பாருங்கள்.